மெட்ராஸ் செக் சட்டை போட்டால் ஸ்டைல், அதையே இடுப்பில் கட்டினால் லுங்கிக்காரனா?

பொட்டல்காட்டான்

போன மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு வணிக வளாகத்தில் சித்தப்பாவைக் கைலியோடு உள்ளே விடவில்லை. மனிதர் சண்டை எல்லாம் போடவில்லை, "சரிப்பா, நான் வெளியில டீ குடிக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று ஒதுங்கிவிட்டார். உள்ளே ஆண்கள் துணிக்கடையில் பொம்மைக்கு மாட்டியிருந்த சட்டை அசல் சித்தப்பா கைலி. அதே நீலக் கட்டம், அதே மெரூன் கோடு. மெட்ராஸ் செக் என்று ஓர் அட்டை தொங்கவிட்டு, சித்தப்பா வருஷம் முழுக்க வாங்குகிற கைலிக்கெல்லாம் சேர்த்து ஆகும் பணத்தை அந்த ஒரு சட்டைக்கு விலையாகப் போட்டிருந்தார்கள்.

நாலு முழ வேட்டியும் கைலியும் அளவில் ஏறக்குறைய ஒன்று. இரண்டும் பருத்தி, இரண்டும் இடுப்பில் சுற்றுவது. வெள்ளையாக இருந்தால் பண்பாடு, கட்டம் போட்டிருந்தால் "என்னய்யா இப்படி வந்து நிக்கிற". இதை யார் எப்போது முடிவு செய்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கைலி வசதி, காற்றோட்டம் என்று யாரும் கட்டுரை எழுத வேண்டாம், அது எனக்கும் தெரியும்.

எதிர்ப்பாட்டு

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை அண்ணே. கைலி வீட்டில் கட்டுவது, படுக்கும்போது கட்டுவது, அவ்வளவுதான். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகும் அக்காவை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அதே நைட்டியில் கல்யாண மண்டபத்துக்கு வந்தால் சொல்வார்கள். வெளிநாட்டிலும் பைஜாமா போட்டுக்கொண்டு ஆபீஸ் போக முடியாது. எல்லாவற்றிலும் சாதி, வர்க்கம் என்று தோண்ட ஆரம்பித்தால் ஜட்டியைக்கூட விட மாட்டீர்கள் போல.

பொட்டல்காட்டான்

வீட்டு உடுப்பு உங்கள் வீட்டில். மீன் மார்க்கெட்டில், செங்கல் சூளையில், லாரி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் ஆபீஸ் உடுப்பு. அவர்கள் வேலைக்குப் போட்டுக்கொண்டு வருவதை நீங்கள் தூங்கும்போது போடுகிறீர்கள், அப்புறம் அது தூங்குகிற துணி என்கிறீர்கள்.

கருப்புக்கோட்டு

சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. வெள்ளைக்காரன் காலத்து உடை விதி. சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் கொதித்தது. கருப்பு சிவப்புக் கரை, நடுவில் வெள்ளை சேர்ந்த கரை, மூவர்ணக் கரை என்று தினமும் வேட்டிக் கரையிலேயே கட்சியைக் காட்டிக்கொண்டு வருகிறவர்கள் அந்த ஒரு நாள் ஒரே குரலில் பேசினார்கள். அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது. பொழுதுபோக்கு மன்றம், சங்கம், அறக்கட்டளை, நிறுவனம் என யாராக இருந்தாலும் தங்கள் கையில் உள்ள பொது இடத்தில் வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் போகும்.

இப்போது உங்கள் சித்தப்பா கேஸ். சட்டம் "தமிழர் பண்பாட்டைக் காட்டும் வேட்டி" என்று பெயர் சொல்கிறது, கூடவே "வேறு இந்திய மரபு உடை" என்றும் ஒரு வரி இருக்கிறது. கைலி அந்த இரண்டாவது வரிக்குள் வரும் என்று நான் வாதாடுவேன். எதிர்த் தரப்பு அதை வீட்டு உடை என்று சொல்லும், நம்ம எதிர்ப்பாட்டு சொன்ன அதே பாயிண்ட். ஆனால் ஒன்று பாருங்கள். நீதிபதியைத் தடுத்ததும் ஒரு மாதத்தில் சட்டம் வந்தது. கைலிக்காரரைத் தடுத்தால் அவர் டீ குடிக்கப் போகிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2016 ஜனவரி 1 முதல் கோயில்களுக்கு உடைக் கட்டுப்பாடு என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு தனி நீதிபதி உத்தரவு போட்டார் அல்லவா, அப்போது கோயில் வாசல்களில் வைத்த பலகையில் ஜீன்ஸ், பெர்முடாவோடு லுங்கியையும் சேர்த்து எழுதினார்கள். பெர்முடாவும் லுங்கியும் ஒரே குற்றவாளிக் கூண்டில்! அந்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது வேறு விஷயம்.

தறிவீடு

நான் கைலி நெய்கிற குடும்பம், கடலூர்ப் பக்கம். துணியைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறீர்கள், நெய்வது பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

வெள்ளை வேட்டியில் நெசவாளிக்கு நிறக் கணக்கு கரையோடு முடிந்தது. கைலி அப்படி இல்லை. பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஓடும்போதே எந்த நிறம் எத்தனை இழை என்று கணக்கு வைத்து ஓட வேண்டும், பிறகு தறியில் அதே கணக்குக்கு ஊடையில், அதாவது குறுக்கு நூலில், நிறம் மாற வேண்டும், மாறும் ஒவ்வொரு தடவையும் அந்த நூலைக் கொண்டு ஓடும் நாடாவை மாற்ற வேண்டும். கை கொஞ்சம் அழுத்தி அடித்தால் கட்டம் நசுங்கும், விட்டு அடித்தால் நீளும். தப்பு எங்கே தெரியும் என்றால் மூட்டுகிற இடத்தில்தான். இரண்டு தலைப்பையும் சேர்த்து மூட்டும்போது கட்டத்தோடு கட்டம் உட்கார வேண்டும், கோடு கோட்டோடு சேர வேண்டும். பழைய ஆட்கள் கடையில் கைலியைப் பிரித்ததும் பூவையும் டிசைனையும் பார்க்க மாட்டார்கள், நேராக அந்த மூட்டு வாயைத் தேடி விரலை வைப்பார்கள். என் மாமனார் அப்படித்தான், தான் நெய்யாத கைலியைக்கூட அப்படிப் பார்த்துவிட்டு ஒரு 'ம்' கொட்டுவார், அந்த 'ம்' வாங்குவது லேசில்லை.

1985இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இப்போது கைத்தறிக்கு என்று மிச்சம் இருக்கும் 11 ரகங்களில் லுங்கியும் ஒன்று. விசைத்தறிக்காரர்கள் அதை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதை உங்கள் ஊர்க் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பச்சைபெல்ட்

தறிவீட்டு அக்காவுக்கு ஒரு வணக்கம். கைலி என்று பேச வந்துவிட்டு அகலமான பச்சை பெல்ட்டையும், உள்ளே போடும் பட்டாபட்டி டிரவுசரையும் விட்டுவிட்டால் எப்படி? எங்கள் தாத்தா கைலியை மடித்துக் கட்டினால் பட்டாபட்டியின் கோடு நாலு விரல் வெளியே தெரிய வேண்டும், அது கணக்கு. பெல்ட்டுக்குள் பணம், பீடிக்கட்டு, ரேஷன் கார்டு வரைக்கும் இருக்கும். இன்று பிள்ளைகள் உள்ளாடைப் பட்டையில் கம்பெனிப் பெயர் தெரிகிற மாதிரி ஜீன்ஸை இறக்கிப் போடுவதைப் பார்த்தால் தாத்தாவிடம் கற்றதோ என்று நினைத்துக்கொள்வேன்.

அட்லாண்டிக்மாமா

நான் இருப்பது நியூ ஜெர்சி. இந்தத் துணி இங்கே எப்படி உசத்தியானது என்று கொஞ்சம் படித்திருக்கிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1930களில் இங்கே பொருளாதாரம் படுத்துக்கிடந்தது. அந்தக் காலத்திலும் குளிர்காலத்தில் கரீபியன் தீவுகளுக்கு ஓய்வெடுக்கப் போகக் கையில் காசு இருந்தவர்கள் அங்கிருந்து மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டை, கால்சட்டை வாங்கி வந்தார்கள். ஆக, கட்டம் போட்டவன் தீவுக்குப் போய் வந்தவன். துணி விலை பெரிதில்லை, கப்பல் டிக்கெட்தான் பெருமை. அப்படியே யேல், பிரின்ஸ்டன் மாதிரி இடங்களில் படித்த பணக்கார வீட்டுப் பையன்களுக்கு அது சீருடை மாதிரி ஆனது. நம்மூரில் சுமை தூக்குகிறவர் இடுப்பில் இருந்த அதே கட்டம் இங்கே சீமான் வீட்டுப் பிள்ளையின் கோட்டு.

இதில் யேல் என்ற பெயரே நம் கோட்டையிலிருந்து போனது. புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேல், 1718இல் கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்கு 417 புத்தகங்களும் ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பினார். மூட்டையில் இருந்தது துணிமணி. விற்று 562 பவுண்டு கிடைத்தது, கட்டடம் எழும்பியது, கல்லூரிக்கு அவர் பெயர். மதராஸில் சம்பாதித்த காசு, அதில் அடிமை வியாபாரக் கறையும் உண்டு.

அப்புறம் 1958 கதை. லீலா ஹோட்டல்களைப் பின்னாளில் தொடங்கிய கிருஷ்ணன் நாயர் அப்போது துணி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். அவரே சொல்லிவந்த கதை இது. ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் கெஜம் ஒரு டாலருக்கு இந்தத் துணியை வாங்கிப் போனார். குளிர்ந்த தண்ணீரில் பதமாகத் துவைக்க வேண்டும், சாயம் இறங்கும் என்று நாயர் சொன்னதை ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குச் சொல்ல மறந்துவிட்டார். அவர்கள் பத்தாயிரம் கெஜம் வாங்கி கோட்டும் சட்டையும் தைத்து விற்க, ஜனங்கள் மெஷினில் போட, நிறமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து வழிய, ஒரே ரகளை. வக்கீல் நோட்டீஸ் வரும் என்ற நிலையில் பத்திரிகை மூலம் கதையைத் திருப்பிப் போட்டார்கள். சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் தருகிறோம் என்பதே விளம்பரம் ஆனது. ஒவ்வொரு துவைப்புக்கும் உங்கள் சட்டை புதுச்சட்டை! நம்ம ஊரில் சாயம் போகிற கைலியைக் கொண்டுவந்து கடைக்காரன் மூஞ்சியில் எறிவார்கள்.

எதிர்ப்பாட்டு

மாமா, இது என் கட்சிக்குத்தான் சாதகம். அமெரிக்காக்காரன் அதைச் சட்டையாகத் தைத்துத்தான் போட்டான், கைலியாகக் கட்டிக்கொண்டு யேலுக்குப் போகவில்லை. வேறு வடிவம், வேறு மரியாதை. கட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பினாங்குக்காரன்

அப்படியானால் இங்கே வந்து பாருங்கள். மலேசியாவில் மலாய்க்காரர்கள் கட்டுவது சட்டை இல்லை, அச்சு அசலாக அதே மூட்டிய கைலி. காயின் பெலிகாட் என்பார்கள். வெள்ளைக்காரன் புலிகாட் என்று சொன்ன பழவேற்காட்டிலிருந்து கப்பலேறி வந்த துணி, ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. வீட்டிலும் கட்டுவார்கள், அதையே கட்டிக்கொண்டு மேல்சட்டையும் தொப்பியுமாகப் பள்ளிவாசலுக்குத் தொழவும் போவார்கள். பெருநாளுக்குப் புதிது எடுத்து அப்பாவுக்கும் மாமனாருக்கும் கொடுப்பது இங்கே மரியாதை. இறைவனுக்கு முன்னால் நிற்கும்போது கட்டுகிற துணியை வீட்டுத்துணி என்று ஒதுக்க முடியாது. ஊரில் நம் முஸ்லிம் பெரியவர்கள் வெள்ளைக் கைலியில் கல்யாணத்துக்கு வருவதைப் பார்த்திருப்பீர்களே, அங்கே யாரும் "என்ன இப்படி வந்து நிக்கிறீங்க" என்று கேட்பதில்லை.

எதிர்ப்பாட்டு

இது நல்ல பாயிண்ட் பாய். பதில் யோசிக்கிறேன்.

சாரக்காரி

யாழ்ப்பாணத்திலே கைலியை நாங்கள் சாரம் எண்டு சொல்லுறது. அப்பா தோட்டத்துக்கும் சாரம், சந்தைக்கும் சாரம், ஆனால் பள்ளிக்கூடத்தில என்ர ரிப்போர்ட் வாங்க வாறதெண்டால் காற்சட்டை போடாமல் வரமாட்டார். யாரும் அவரைத் தடுக்கேல்லை. தடுக்கிறதுக்கு முதலே மனிசர் தானாகவே மாத்திக்கொள்ளுவினம், அதைப் பற்றியும் கதையுங்கோ.

குமரிக்கரை

நான் நாகர்கோவில். உடுப்பு பண்பாடு என்று யாராவது இனிமையாகப் பேச ஆரம்பித்தால் எங்கள் ஊரில் கொஞ்சம் முகம் சுளிப்போம். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போட்டதற்காக 1822இல் தொடங்கி 1859 வரை விட்டு விட்டுக் கலவரம். சந்தையில் துணியைப் பிடித்து இழுத்தார்கள், வீட்டை, பள்ளியைக் கொளுத்தினார்கள். கடைசியில் சென்னை கவர்னர் ட்ரவெலியன் நெருக்கியதால் 1859 ஜூலை 26 அன்று மகாராஜா ஓர் அறிவிப்பு போட்டார். அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் மேலுடம்பை மூடிக்கொள்ளலாம், குப்பாயம் என்ற மேல்சட்டை போடலாம், மீனவச் சாதியான முக்குவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணி கட்டலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடும் அதே மாதிரி போடக் கூடாது.

கவனித்தீர்களா, மானம் மறைப்பது இல்லை பிரச்சினை. என்னை மாதிரி நீ தெரியக் கூடாது என்பதுதான். தோள்சீலை 200 ஆண்டு விழா 2023இல் இங்கே நடந்தபோது தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநில முதலமைச்சர்களும் வந்திருந்தார்கள். வேட்டிக்கு இன்று இருக்கும் மரியாதையும் சும்மா வந்ததில்லை, யார் முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டலாம் என்ற சண்டையைத் தாண்டி வந்தது.

அட்லாண்டிக்மாமா

குமரிக்கரை சொன்னதைப் படித்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1786இல் லூசியானாவில், அப்போது அது ஸ்பெயின் கையில், கவர்னர் மிரோ ஒரு கட்டளை போட்டார். கறுப்பினப் பெண்கள், கலப்பினப் பெண்கள் தலைமுடியை அலங்கரித்துக்கொண்டு வெளியே வரக் கூடாது, துணியால் மூட வேண்டும் என்று. வெள்ளைக்காரப் பெண்களை விட அழகாகத் தெரிகிறார்களாம். அவர்கள் என்ன செய்தார்கள்? பளபளக்கும் மெட்ராஸ் கட்டத் துணியை எடுத்து விதவிதமாகச் சுற்றி, இறகு செருகி, நகை குத்தி, மூடச் சொன்ன துணியையே கிரீடமாக்கிவிட்டார்கள். பிறகு வெள்ளைக்காரப் பெண்களே அதைப் பார்த்துக் கட்ட ஆரம்பித்தார்கள்.

மார்ட்டினிக், குவாதலூப், டொமினிக்கா தீவுகளில் இன்றும் திருவிழா உடையில் மெட்ராஸ் கட்டம்தான். தலைக்கட்டில் எத்தனை முனை நிற்கிறது என்பதற்கும் அர்த்தம் உண்டு என்பார்கள். ஒரு முனை என்றால் மனசு காலி, இரண்டு என்றால் பேசி வைத்தாயிற்று, மூன்று என்றால் கல்யாணம் ஆனவள், நாலு என்றால் ஆனாலும் முயற்சி செய்து பார்! காரைக்கால், புதுச்சேரியிலிருந்து நம் ஆட்கள் கூலிக்கு அந்தத் தீவுகளுக்குப் போக ஆரம்பித்தது 1853இல்தான். நம் ஆட்களுக்கு முன்பே நம் துணி போய்ச் சேர்ந்திருந்தது. நைஜீரியாவில் கலபாரி மக்கள் இதே துணிக்கு இஞ்சிரி என்று பேர் வைத்து, அதில் வேண்டிய இழைகளை மட்டும் பிளேடால் அறுத்து உருவி எடுத்து, புதிதாக ஒரு பூவேலையே உண்டாக்குகிறார்கள். பிறப்புக்கும் இறப்புக்கும் அந்தத் துணி வேண்டும் அவர்களுக்கு.

தறிவீடு

இழையை அறுத்து எடுப்பார்களா! மாமனார் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஆனால் நெய்த துணியில் ஓட்டை விழாமல் இழையை உருவுவது லேசு இல்லை, கைகாரர்கள்தான்.

கிழக்குத்தெரு

எல்லாரும் கைலிக்கு மரியாதை வாங்கிக் கொடுக்கப் புறப்பட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். இன்னொரு பக்கமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. சட்டை, பனியன், கோட்டு கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்களுக்கு ரவிக்கை, தாவணி கூடாது. அடுத்த வருஷம் இன்னும் கூட்டினார்கள். குமரிக்கரை நண்பர் சொன்ன முழங்கால் கோடு இதுதான்.

இப்போது கைலிக்கு வருவோம். மடித்துக் கட்டியிருக்கும்போது பெரியவர் எதிரே வந்தால் சட்டென்று இறக்கிவிடுகிறோம் இல்லையா, அது மரியாதை என்று எல்லோரும் சொல்வீர்கள். எங்கள் அப்பா தலைமுறையில், எங்கள் தெருக்காரர் ஊர்த்தெருவில் மடித்துக் கட்டி நடந்தால் திமிர், பளிச்சென்று தழையக் கட்டி நடந்தாலும் திமிர். அந்தக் கணக்கிலிருந்து ஒரே வழியில்தான் தப்பிக்க முடிந்தது. பேன்ட். பேன்டில் மடிக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. அம்பேத்கர் சிலையில் ஏன் எப்போதும் கோட்டும் சூட்டும் என்று கேட்பவர்களுக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. அப்பா மெட்ராஸுக்கு வேலைக்குப் போய் முதலில் தைத்தது பேன்ட். ஊருக்கு வரும்போது அயர்ன் மடிப்புக் கலையாமல் இருக்க பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே வருவாராம்.

கைலி கட்டி வணிக வளாகத்துக்குப் போவது புரட்சி என்றால், செய்யுங்கள். ஆனால் கைலியிலிருந்து ஏறி வந்தவனைப் பார்த்து "நம்ம உடுப்பை மறந்துட்டான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கைலி கட்டினாலும் மரியாதை குறையாதவருக்குத்தான் கைலி ஸ்டைல்.

பொட்டல்காட்டான்

கிழக்குத்தெரு, நீங்கள் சொன்ன கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை, அது அப்படியே நிற்கட்டும். ஆனால் கேள்வி ஒன்று. உங்கள் அப்பாவுக்கு பேன்ட் விடுதலை என்பது சரி. வாசலில் நின்ற காவலாளியும் அதே மாதிரி ஒரு வீட்டுப் பையன்தான் என்று நினைக்கிறேன், அவனுக்குக் கம்பெனி தைத்துக் கொடுத்த பேன்ட். வீட்டுக்குப் போனதும் அவனும் கைலிதான் கட்டுவான். அவனை வைத்தே சித்தப்பாவை நிறுத்துகிறார்கள், அதுதான் எரிச்சல்.

கிழக்குத்தெரு

எரிச்சல் நியாயம். வளாகத்துக்காரனைக் கேளுங்கள், பையனை விட்டுவிடுங்கள்.

கருப்புக்கோட்டு

கேட்கலாம். சித்தப்பா சம்மதித்தால் ஒரு கடிதம் எழுதிப் பார்ப்போம். உடை விதி என்று ஒன்று எழுத்தில் இருக்கிறதா, அதைக் காட்டு என்று கேட்டாலே பாதி இடங்களில் காற்று போய்விடும், பெரும்பாலும் அப்படி எதுவும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

எதிர்ப்பாட்டு

யோசித்தேன். வீட்டுத்துணி என்ற வாதத்தை பினாங்கு பாய் முடித்துவிட்டார், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் கல்யாணத்துக்கு யாராவது கைலியில் வந்தால் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். சாரக்காரி அக்காவின் அப்பா மாதிரிதான் நானும், யாரும் சொல்லாமலே மாற்றிக்கொள்கிற கேஸ்.

பச்சைபெல்ட்

கல்யாணத்துக்கு நான் பட்டாபட்டி தெரிய வருகிறேன், தேதி மட்டும் சொல்லுங்கள்.

பொட்டல்காட்டான்

சித்தப்பாவிடம் கடிதம் பற்றிக் கேட்டேன். "அந்தக் கடையில எனக்கு என்னடா வேலை, எல்லாம் யானை விலை" என்றார். ஆனால் மெட்ராஸ் செக் சட்டை விலையைச் சொன்னதும் ரொம்ப நேரம் சிரித்தார். தறிவீட்டு அக்கா, நேராக உங்களிடமே நாலு கைலி வாங்கலாமா? மூட்டித் தருவீர்களா?

தறிவீடு

தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள். மூட்டித்தான் அனுப்புவேன், மூட்டுக்கூலி கிடையாது. நிறம் என்ன வேண்டும் என்று அவரையே கேட்டுச் சொல்லுங்கள், பச்சையும் மெரூனும் கைவசம் இருக்கிறது, நீலம் தறியில் ஓடுகிறது. முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக நனைக்கச் சொல்லுங்கள், வெள்ளைச் சட்டையோடு சேர்த்துப் போட்டுவிட்டு என்னைத் திட்டக் கூடாது.